ஒன்பதாவது பாட்டும் ஒரு திவசமும்

சனிக்கிழமை காலை நான் மேலே ஏறிப் போனபோது மங்கையற்கரசி அன்ரியின் அடுப்பில் நான்கு சட்டிகள் கொதித்துக்கொண்டிருந்தன. மேசை நிறைய வாழைக்காய், பூசணிக்காய், பயற்றங்காய். ஒரு பெரிய கிண்ணத்தில் உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் தேத்தண்ணி மட்டும்தான் வைப்பார்கள் என்று நம்பித்தான் போயிருந்தேன். என்னைக் கண்டதும் அன்ரி கத்தியைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, உன்ரை முகத்தைப் பாக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"ஏன் அன்ரி, என்ன நடந்தது?"

"மாமாவின்ரை திவசம் இண்டைக்குத்தானாம். நேற்றுப் பின்னேரம்தான் ஐயர் சொன்னவர்."

மாமா என்றது அவருடைய கணவர் விநாயகமூர்த்தி அங்கிளின் தகப்பனை. அவர் இறந்து ஏழு வருடமாகிறது. ஒவ்வொரு வருடமும் கொக்குவிலில் இருக்கும் அங்கிளின் தம்பி பஞ்சாங்கம் பார்த்து நாளைச் சொல்லுவார். இவர்கள் இங்கே அதே நாளில் படைப்பார்கள். இந்த முறை அவர் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக வரும் ஐயர் ஊருக்குப் போயிருந்ததால் புதிய ஐயர் ஒருவரைப் பிடித்திருந்தார்கள். அவர்தான் குழப்பத்தை எடுத்துவிட்டார்.

"அந்த மனுசன் சிரிக்குது பிள்ளை. 'உது அங்கத்தை ஞாயிறு அம்மா, கனடாவில திதி சனி மத்தியானமே வந்திடும்' எண்டு. அப்ப ஏழு வருசமா அப்பருக்குப் பிழையான நாளிலயோ சோறு வைச்சனாங்கள் எண்டு இவர் இரவு முழுக்க நித்திரை கொள்ளேல்லை."

ஒரே நிலவுதான். ஆனால் அது கொக்குவிலில் ஒரு கிழமைக்கும் இங்கே மல்வேர்னில் இன்னொரு கிழமைக்கும் சொந்தமாயிருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் இதை நினைத்து நான் வெகு நேரம் மகிழ்ந்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சனிக்கிழமையை நான் அன்ரியிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தேன். அன்று மத்தியானம் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது என்று அவர் எனக்கு வாக்குத் தந்திருந்தார்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சு. இருபது பேராவது வருகினம். நான் என்ன செய்ய, பிள்ளை?"

"பரவாயில்லை அன்ரி" என்றேன். கீழே இறங்கினேன்.

நான் அவர்களுடைய வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கிறேன். பிறம்ரனில் உள்ள ஒரு ட்ரக் கொம்பனிக்கு வீட்டிலிருந்தே டிஸ்பாட்ச் வேலை செய்கிறேன். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தச் சாமான் எங்கே இறங்க வேண்டும் என்று நாள் முழுவதும் சாரதிகளுடன் தொலைபேசியில் பேசுவதுதான் அந்த வேலை. மிச்ச நேரத்தில் கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுப் பாடுகிறேன். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கோவில் பாடகர் குழுவில் பாடிப் பழகிய நிரோஷினி இந்தப் பாட்டுக்குள் எப்படிப் போனாள் என்று என் சொந்தக்காரர்கள் இன்னும் வியக்கிறார்கள். சாரதிகளின் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். தண்டர் பே தாண்டி, மரங்களைத் தவிர வேறொன்றும் இல்லாத நெடுஞ்சாலையில், யாரோ ஒருவருடைய வண்டிக்குள் ஒரு பிடில் இழுத்துக்கொண்டிருக்கும். பேசி முடிந்த பிறகும் சிலவேளை நான் தொலைபேசியை வைக்க மாட்டேன். அவர்களும் வைக்க மாட்டார்கள். பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் பேசாமல் இருப்போம்.

அந்த அழைப்புகளிலிருந்துதான் என் முதல் ஆல்பம் வந்தது. ஒன்பது பாட்டுகள். பிடில், பான்ஜோ, ஸ்டீல் கிற்றார் என்று பழைய கன்ட்ரி ஒரு பக்கம். கிருபன் கொம்பியூற்றரில் செய்த பொப் பீற் தாளம் மறுபக்கம். கிருபன் கலியாண வீடுகளில் டீஜே. என் பாட்டுகளுக்கு வயது குறைந்தது அவனுடைய பீற் சேர்ந்த பிறகுதான். முதல் எட்டுப் பாட்டுகளையும் என் அறையிலேயே பதிந்திருந்தோம். சுவரில் அன்ரியின் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, உடுப்பு அலமாரிக்குள் மைக்கை வைத்து.

அந்த எட்டுப் பாட்டுகளுக்கும் மேலே இருந்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பேஸ்மென்ற்றில் இருப்பவர்களுக்கு மேலே உள்ளவர்களின் முகத்தைவிடக் கால்கள்தான் நன்றாகத் தெரியும். அங்கிள் குதிக்காலை ஊன்றி நடப்பார். அன்ரி காலைத் தேய்த்து அரக்கி அரக்கி நடப்பார். பல்கலைக்கழகம் போகும் மகள் துர்க்கா எப்போதும் ஓட்டம். நான் பாடும் நேரங்களில் அந்த மூன்று சோடிக் கால்களும் எங்கே போயின என்றே தெரியாது. ஹீற்றர் உறுமும் என்பதால் அதையும் நிற்பாட்டச் சொல்லியிருந்தேன். நான் துர்க்காவுக்கு மெசேஜ் அனுப்புவேன். அவள் மேலே சுவிச்சைத் திருப்புவாள். ஜனவரிக் குளிரில் மூவரும் ஜக்கெற் போட்டுக்கொண்டு சோபாவில் வரிசையாக இருந்ததை ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போனபோது கண்டேன். ரீவியில் சத்தமில்லாமல் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. "உம்மடை கவ்போய் பாட்டு முடிஞ்சுதோ?" என்று அங்கிள் கேட்டார். வாயிலிருந்து புகை வந்தது.

இனி மிச்சமிருந்தது ஒன்பதாவது பாட்டு. என் சாரதிகளில் ஒருவர் எங்கே நின்று தொலைபேசி எடுத்தாலும் வேலையைப் பேசிய பிறகு கேட்பார்: "எங்கட வீட்டுப் பக்கம் ஸ்னோ கொட்டுதோ?" வீட்டுக்கு எடுத்தால் மனைவி எல்லாம் நல்லாயிருக்கு, ஒன்றும் யோசிக்காதேங்கோ என்றுதான் சொல்லுவாராம். அதனால் தன்னுடைய தெருவின் காலநிலையை என்னிடம் கேட்பார். அவர் வீடு எங்களுக்குப் பக்கத்துத் தெரு; நான் ஜன்னலைப் பார்த்துச் சொல்லுவேன். அந்தக் கேள்வியும், அதற்குப் பதில் வருமுன் இருக்கும் சின்ன இடைவெளியும்தான் பாட்டு. அதற்கு என் குரலும் ஒரு ஸ்டீல் கிற்றாரும் போதும் என்று முடிவு செய்திருந்தேன். பீற் கிடையாது.

ஸ்டீல் வாசிக்க ஷெல்லி வருவதாக இருந்தது. பான்குறொப்ட் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்தவள். ஒரு பெரிய பாடகர் குழுவோடு ஊர் ஊராகத் திரிகிறவள். என் பாட்டுப் பிடித்ததால் மட்டுமே வரச் சம்மதித்திருந்தாள். அன்று மாலை அவளுக்கு ஹமில்ரனில் கச்சேரி, மறுநாள் அல்பேர்ட்டா, பிறகு இலையுதிர் காலம்வரை இந்தப் பக்கம் வரமாட்டாள். ஆல்பத்தை வெளியிட ஒப்புக்கொண்ட சிறிய கொம்பனி திங்கட்கிழமை ஒன்பது பாட்டும் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்தப் பாட்டு இந்தச் சனிக்கிழமை நடந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கிருபன் ஏற்கெனவே மைக்கைப் பூட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சரி. அப்ப பீற் போடுவம். சிம்பிள்."

"கிருபன்."

"இல்லை நிரோ, கேள். நீயும் கிற்றாரும் மட்டும் எண்டா மேல ஒருத்தர் தும்மினாலே மைக் பிடிக்கும். கீழ ஒரு கிக் மேளம், ஒரு பாஸ் போட்டா எல்லாம் மூடுபடும். திவசமென்ன, கலியாணமே நடத்தலாம்."

"முதல்ல இப்பிடிப் பாடிப் பாப்பம்."

"பாடு. நான் சொன்னதை மட்டும் மறந்திடாதை."

ஷெல்லி வந்த நேரமும் சொந்தக்காரர்கள் வந்த நேரமும் ஒன்றாகிவிட்டன. அந்த வீட்டில் பேஸ்மென்ற்றுக்கும் முன்வாசலால்தான் இறங்க வேண்டும். வாசலில் பனிச் சப்பாத்துகள் மலைபோலக் குவிந்திருந்தன. நீண்ட கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ரப்பர் பூட்சோடு ஷெல்லி உள்ளே வந்தபோது அங்கிளின் தங்கை ரதி அன்ரி இரண்டு கையையும் கூப்பாத குறையாக எழும்பினார்.

"அப்பாடா, ஹீற்றர் திருத்த ஆள் வந்திட்டுது. பொம்பிளைப் பிள்ளையெல்லோ வந்திருக்கு!"

"மாமி, அவ மியூசிஷன்" என்றாள் துர்க்கா. "ஹீற்றர் பழுதில்லை. நான்தான் ஓஃப் பண்ணினனான்."

"ஏனடி, தாத்தாவுக்குப் படைக்கிற நாளில எங்களையும் சேத்து அனுப்பவோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷெல்லியும் என்னவென்று விளங்காமலே சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. விருந்தினர் வந்த நாளில்கூடத் துர்க்கா ஹீற்றரை நிற்பாட்டியிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஷெல்லி கிற்றாருக்குக் கால் பூட்டி, மேசைபோல நிறுத்தி, கம்பிகளுக்கு மேல் இரும்புத் துண்டை ஒருமுறை இழுத்தாள். யாரோ தூரத்தில் என் பெயரைச் சொல்லிப் பாதியில் விட்டதைப் போலிருந்தது. எனக்குப் பயம் போய்விட்டது. பாடலாம் என்று தோன்றியது.

முதல் முறை இரண்டாவது அடியில் பிள்ளைகள் மேலே ஓடினார்கள். யாரோ அதட்டினார்கள். அந்த அதட்டல் ஓட்டத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. இரண்டாம் முறை நடுப்பாட்டுவரை போனோம்; ஐயர் மணியடித்தார். மணிச் சத்தம் ஸ்டீலின் சுருதியோடு சரியாகச் சேர்ந்துவிட்டது. ஷெல்லி புருவத்தைத் தூக்கி, 'மோசமில்லையே' என்பதுபோல் கிருபனைப் பார்த்தாள். மூன்றாம் முறை ஐயர் போய்விட்டிருந்தார். பிள்ளைகளும் அடங்கிவிட்டார்கள். நான் கடைசி அடிக்கு வந்துவிட்டேன். 'எங்கள் வீட்டுப் பக்கம் பனி பெய்கிறதா' என்ற கேள்வியைக் கேட்டு, பதிலுக்காகக் காத்திருக்கும் இடம். அந்த இடைவெளியில், என் ஜன்னலுக்கு நேர் வெளியே, பின்வளவில் நின்று ஒரு குரல் கூப்பிட்டது.

"கா… கா… கா…"

ஷெல்லி கையை எடுத்துவிட்டாள். ஜன்னலில் அங்கிளின் பூட்ஸும் வேட்டிக் கரையும் தெரிந்தன.

"கா… கா…"

அவருக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று ஷெல்லி மெதுவாகக் கேட்டாள். படைத்த சோற்றை முதலில் காகம் சாப்பிட வேண்டும், காகம் தொட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம், இறந்தவர் காகமாக வருவார் என்பது நம்பிக்கை என்று சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். தன் தாயும் பின்னேரங்களில் வேலிக்கு அருகே நின்று இப்படித்தான் மாடுகளைக் கூப்பிடுவாள் என்றாள். "அவை உடனே வராது" என்றும் சொன்னாள்.

கிருபன் ஹெட்போனைக் கழற்றினான்.

"நிரோ, ஷெல்லி இன்னும் கொஞ்ச நேரத்தில போகவேணும். நீ அழுதாலும் போகத்தான் வேணும். ஒருக்கா பீற்றோட கேள், பிளீஸ்."

கேட்டேன். அவன் அவசரமாகச் செய்ததுதான், ஆனாலும் மோசமில்லை. தலை தன்பாட்டில் ஆடியது. வேறு யாருடைய பாட்டாக இருந்தாலும் நான் வாங்கிக் கேட்டிருப்பேன். ஆனால் சாரதி கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் இடத்தில் அந்த பீற் காத்திருக்கவில்லை. அது பதில் தெரிந்ததுபோல நடந்துகொண்டே போனது. ஆனாலும் ஷெல்லியின் நேரம் போய்க்கொண்டிருந்தது. "சரி, அப்பிடியே செய்வம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது துர்க்காவின் மெசேஜ் வந்தது: மேலே வா, அம்மா கூப்பிடுறா.

மேலே வரவேற்பறையில் எல்லோரும் கோட்டும் சால்வையுமாக இருந்தார்கள். சோறும் கறிகளும் மேசையில் மூடிக் கிடந்தன. பசி முகங்கள். பின்கதவுக் கண்ணாடியருகே அங்கிள் நின்றார். வெளியே, பனி வழித்த மேசையில், வாழையிலைத் துண்டில் சோறு வைத்திருந்தது.

"காகம் வரேல்லையோ அங்கிள்?"

"அணில் வந்தது. வடையைத் தூக்கிக்கொண்டு போட்டுது."

"அண்ணை, அணிலெண்டாலும் ஒரு சீவன்தானே" என்றார் ரதி அன்ரி. "அப்பர் கனடாவில அணிலா வந்திருப்பார். அவருக்கும் வடையெண்டா உயிர்."

"சும்மா இரடி."

"பசிக்குது அண்ணை. நான் மாத்திரை போட வேணும்."

பேச்சுக்கு நடுவே ரதி அன்ரி என் பக்கம் திரும்பினார். தரையில் சூட்டுக் காற்று வரும் வென்ற்றைக் காலால் காட்டினார். ஹீற்றர் நின்றிருந்ததால் அதன் வழியே கீழே நடப்பதெல்லாம் மேலே கேட்டிருக்கிறது.

"பிள்ளை, கீழ ஆர் அழுகிறது?"

"அது கிற்றார் அன்ரி. ஷெல்லி வாசிக்கிறது."

"கிற்றாரோ? நான் நினைச்சன் செத்த வீட்டுக்கு வந்த ஆரோ கீழ மாறி இறங்கிட்டினமெண்டு. நல்லா அழுகுது. அப்பரை எடுத்த அண்டைக்குக்கூட நாங்கள் இப்பிடி அழேல்லை." பிறகு குரலைத் தணித்தார். "ஏன் ஒவ்வொருக்காலும் பாதியில விடுறியள்? முடிவைக் கேக்க விடுறியளில்லை."

நான் என்ன சொல்ல? உங்கள் பிள்ளைகள் ஓடியதால், உங்கள் ஐயர் மணியடித்ததால், உங்கள் அண்ணன் தகப்பனைக் கூப்பிட்டதால் என்று ஒரு திவச வீட்டில் நின்று எப்படிச் சொல்வது? மங்கையற்கரசி அன்ரி அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிடத்தான் அழைத்திருக்க வேண்டும். கையில் கரண்டி இருந்தது. என் முகத்தில் எதைக் கண்டாரோ தெரியவில்லை. கரண்டியை வைத்துவிட்டு அறை நடுவே வந்தார்.

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ. இவ்வளவு சத்தம் போட்டா எந்தக் காகம் வரும்? நீங்கள் இப்பிடி இரைஞ்சு கொண்டிருந்தா மாமா உயிரோட இருக்கேக்கையே இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார். அவருக்குச் சத்தம் ஆகாது எண்டது உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம், அது உண்மை" என்றார் அங்கிள்.

"அப்ப எல்லாரும் நிலத்தில இருங்கோ. காகம் வந்து சோத்தைத் தொடுமட்டும் ஒருத்தரும் கதைக்கப்படாது, எழும்பப்படாது. ஃபோனுகளை ஓஃப் பண்ணுங்கோ. ரதி, நீரும்தான். மாத்திரையை இப்ப போட்டிட்டு வாயை மூடும்."

"காகத்துக்காண்டியோ, இல்லை…" என்று ரதி அன்ரி என்னைப் பார்த்து இழுத்தார்.

"காகத்துக்காண்டித்தான்" என்றார் அன்ரி.

பிறகு என்னிடம் திரும்பி, "நீ ஏன் நிக்கிறாய்? கீழ உனக்கு வேலை இல்லையோ?" என்றார்.

நான் படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஷெல்லியிடம் "இப்போது" என்று மட்டும் சொன்னேன். கிருபன் ஏதோ கேட்க வாயெடுத்தான். என் கண்களைப் பார்த்துவிட்டு ஹெட்போனை மாட்டினான். பதியும் பொத்தானை அழுத்தினான். ஆனால் உடனே கை காட்டவில்லை. மேலே அண்ணாந்து பார்த்தான். நெற்றி சுருங்கியிருந்தது. பிறகுதான் தலையசைத்தான்.

நான் பாடினேன். நன்றாகப் பாடினேனா என்று அப்போது தெரியவில்லை. அந்தச் சாரதி வெள்ளை இருட்டில் எங்கோ வண்டியை நிறுத்திவிட்டுத் தன் தெருவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்காக ஜன்னலுக்குப் போனேன். ஷெல்லி எனக்குப் பின்னால், நான் விட்ட மூச்சை எடுத்து மூச்சு விட்டாள். கேள்வி வந்தது. இடைவெளி வந்தது. நான் காத்திருந்தேன். வீடு முழுவதும் என்னோடு காத்திருந்தது. ஒரு கால் அசையவில்லை. ஒரு இருமல் இல்லை. அவ்வளவு நேரம் காத்திருப்பேன் என்று நானே நினைக்கவில்லை. பிறகு பதிலைப் பாடினேன். ஷெல்லியின் கடைசிக் கம்பி மெல்ல மெல்லத் தேய்ந்து எங்கே முடிந்ததென்று தெரியாமல் முடிந்தது.

கிருபன் பதிவை நிறுத்தி, தொடக்கத்துக்குப் போய், பாட்டுத் தொடங்குமுன் இருந்த அந்தச் சில விநாடிகளை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான்.

"இதைக் கேள்" என்று ஹெட்போனை என் காதில் வைத்தான்.

"ஒண்டுமில்லையே?"

"இல்லை. மற்றப் பாட்டுகளில வீட்டில மூண்டு பேர்தான். இது வேற. ஆக்கள் நிறைய இருந்து சத்தம் போடாம இருக்கிறது. இதை நான் கொம்பியூற்றரில செய்யேலாது." ஹெட்போனைத் திரும்ப எடுத்துக்கொண்டான். "இதை வெட்டப் போறதில்லை. பாட்டு இதிலதான் துடங்கும்."

பாட்டில் ஒரு மூச்சு இடைவெளி இருந்தாலும் அதற்குள் ஒரு கைதட்டலைச் செருகுகிறவன் அவன். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பதிலாக அவனுடைய தொப்பியை இழுத்து மூக்குவரை விட்டேன்.

ஷெல்லி கிற்றாரைக் கழற்றத் தொடங்கினாள். முடிந்துவிட்டது என்று மேலே சொல்லப் போனேன். வரவேற்பறை வாசலில் நின்றுவிட்டேன்.

அவர்கள் அப்படியே இருந்தார்கள். இருபது பேரும் நிலத்தில், கோட்டுகளோடு, வென்ற்றைச் சுற்றி, தேவாலயத்தில் இருப்பதைப்போல. பிள்ளைகள் தாய்மாரின் மடியில் கண்ணை விரித்துக்கொண்டு. ரதி அன்ரி சால்வை நுனியால் வாயைப் பொத்தியிருந்தார். யாரும் என்னைப் பார்த்து எழும்பவில்லை; முடிந்ததா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாது. சாப்பாட்டின் வாசனை அறையை நிறைத்திருந்தது.

துர்க்கா விரலால் என்னைக் கூப்பிட்டு, காதுக்குள் கிசுகிசுத்தாள்.

"முடிஞ்சுதா? கான் வி மூவ்?"

"முடிஞ்சுது. காகம் இன்னும் வரேல்லையா?"

"அது எப்பவோ வந்திட்டுது. நீ பாடத் துடங்கின உடனேயே. ரெண்டு வந்தது. இலையையும் சேத்துக் கொத்திப்போட்டுப் போட்டுதுகள்."

நான் பின்கதவைப் பார்த்தேன். வெளியே மேசையில் சோறு இல்லை. இலைத் துண்டு பனியில் விழுந்து கிடந்தது.

"அப்ப ஏன் நீங்கள் சாப்பிடேல்லை?"

துர்க்கா தோளைக் குலுக்கினாள். "அப்பா கண்டவர். கையைக் காட்டினவர். எல்லாரும் கண்டது. பட் நோபடி காட் அப்."

அங்கிள் என்னைப் பார்த்தார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன; நித்திரை கொள்ளாததாலும் இருக்கலாம். "பாட்டு முடியட்டும் எண்டு இருந்தம்" என்றார் சாதாரணமாக. "ஏழு வருசம் பிழையான நாளில பொறுத்தவர் அப்பர். ஒரு பாட்டுக்குப் பொறுக்க மாட்டாரோ?"

அதோடு மௌனம் உடைந்தது. எல்லோரும் ஒரேயடியாக எழும்பினார்கள். கால் விறைத்தவர்கள் முனகினார்கள். யாரோ ஹீற்றரைப் போட்டார்கள். மூடிகள் திறந்தன. ரதி அன்ரி, "அந்த வெள்ளைப் பிள்ளையையும் கூப்பிடுங்கோ, சாப்பிடாமப் போகப்படாது" என்று சத்தமிட்டார். ஷெல்லி பூட்சோடு வாசலில் நின்றே ஒரு வாழைக்காய்ப் பொரியலை வாயில் போட்டாள். அன்ரி ஒரு பெரிய டப்பாவில் சோறும் கறியும் கட்டி அவள் கையில் திணித்தார். அவள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, அங்கிளிடம் போய்க் கைகொடுத்தாள். அவர் வந்துவிட்டாரா என்று கேட்டாள். "யெஸ், யெஸ், ஹீ கேம்" என்றார் அங்கிள்.

எனக்கு அன்ரியிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எங்கள் ஆட்களின் வீடுகளில் நன்றி என்ற சொல்லை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சொன்னால் அன்னியர்போல் ஆகிவிடும். அன்ரி என் கையில் தட்டைத் தந்து, சோற்றைப் போட்டார். நான் அதை வாங்கிக்கொண்டு நின்றேன்.

"என்ன பாக்கிறாய்? சாப்பிடு."

"அன்ரி…"

"கத்தரிக்காய்க்கு உப்புக் குறைவு. படைக்கிற சமையலை உப்புப் பாக்கக் கூடாது. அதுதான். சாப்பிடு பிள்ளை."

ரதி அன்ரி தன் தட்டோடு என் பக்கத்தில் வந்து இருந்தார். "குழாய்க்குள்ளால கேட்டது பாதிதான் விளங்கினது. பாட்டில அந்த மனுசன் என்னத்தையோ கேக்கிறார், என்ன?"

"தன்ரை வீட்டுப் பக்கம் ஸ்னோ கொட்டுதோ எண்டு கேக்கிறார்."

"கொட்டுதோ?"

"ஓம் அன்ரி. கொட்டுது."

"அதை ஒருக்கால் இங்க பாடன். ஆளைப் பாத்துக் கேக்க வேணும்."

"இப்பவோ? எல்லாரும் சாப்பிடினமே."

"அதுக்கென்ன? சாப்பிடுறவை சாப்பிடட்டும். பாடுறவை பாடட்டும்."

தட்டை மடியில் வைத்தபடியே தொடங்கினேன். ஸ்டீல் கிற்றார் அப்போது ஹமில்ரன் பாதையில் போய்க்கொண்டிருந்தது. அந்த அறையில் ஒருவரும் அமைதியாக இருக்கவில்லை. ஹீற்றர் உறுமியது. பிள்ளைகள் ஓடினார்கள். அங்கிள் கொக்குவிலுக்கு எடுத்து, "தம்பி, உன்ரை பஞ்சாங்கத்தைத் தூக்கி எறி" என்று கத்திக்கொண்டிருந்தார். சோற்றோடு கதவருகே நின்ற கிருபன் கரண்டியால் தட்டின் விளிம்பில் மெல்லத் தாளம் போட்டான். கேள்வி வரும் இடத்தில் அவனுடைய கரண்டி நின்றது. நான் காத்திருந்தேன்.

"ஆருக்கு இன்னும் பருப்பு வேணும்?" என்று அன்ரி கேட்டார்.

"எனக்கு" என்றது ஒரு குரல்.

நான் சிரித்துவிட்டேன். பிறகு கடைசி அடியைப் பாடினேன்.